ஓராண்டு அரசனுக்கு ஒரு கோயில்!

அரசர்கள் போய்விட்டார்கள், அவர்களுடைய வாயில் காப்போர் மட்டும் இன்னும் நிற்கிறார்கள். சீனத்திலும் சரி, நம் காவிரிக் கரையிலும் சரி, இதுதான் கதை.

சீனச் சக்கரவர்த்தி சின் ஷி ஹுவாங் தம் சமாதியைக் காக்க ஆயிரக் கணக்கான சுடுமண் வீரர்களைப் புதைத்து வைத்தார். 1974-ல் கிணறு வெட்டிய குடியானவர்கள் அந்தச் சேனையைக் கண்டெடுத்தனர். இரண்டாயிரம் ஆண்டு காத்து நின்ற சேனை அது. அவருடைய வம்சமோ கி. மு. 221 முதல் 206 வரை, பதினைந்தே ஆண்டுகள்! பிற்காலத்துத் தாங் வம்சத்தார் கல்லறைகளில் மனித முகத்தோடு ஒன்றும் சிங்க முகத்தோடு ஒன்றுமாக இரு காவல் மிருகங்களை வைத்தனர். தீய ஆவிகளை விரட்டுவது அவற்றின் வேலை.

907-ல் தாங் வம்சம் சாய்ந்தது. அதே 907-ல்தான் இங்கே முதலாம் பராந்தகன் சோழ சிம்மாசனம் ஏறினான். 955-ல் அவன் மறைவதற்குள் வட சீனத்தில் நான்கு வம்சங்கள் தோன்றி மறைந்து, ஐந்தாவதும் வந்துவிட்டது. அவற்றுள் ஒன்றின் ஆயுள் நான்கே ஆண்டு!

சோழர்களும் அந்தக் கதிக்கு அருகே சென்றவர்கள்தாம். 949-ல் தக்கோலத்தில் தோல்வி. பராந்தகனின் மகன் அரிஞ்சயன் ஆண்டது ஓராண்டு அளவே. ஆனால் அவனுக்கு ராஜராஜன் என்றொரு பேரன் வாய்த்தான். ஆற்றூரில் இறந்த பாட்டனுக்கு மேல்பாடியில் பள்ளிப்படை எழுப்பினான்.

மறைந்த அரச குடும்பத்தார் நினைவாக லிங்கம் ஸ்தாபித்துக் கட்டிய கோயிலே பள்ளிப்படை. சீனக் காவலர் நிற்பது மண்ணுக்கடியில், இருட்டில். நம் துவாரபாலகர் நிற்பது கருவறை வாசலில், விளக்கொளியில். பூஜை நடக்கும் வரை மறைந்தவர் பெயரும் வாழும் என்பது சோழர் கணக்கு.

வலங்கைமான் வாசகர்கள் இதைக் காண மேல்பாடி வரை போக வேண்டாம். பட்டீஸ்வரத்தை அடுத்து 'இராமநாதன் கோயில்' என்று வழங்குவது, ராஜேந்திர சோழன் தன் சிற்றன்னை பஞ்சவன் மாதேவிக்குக் கட்டிய பள்ளிப்படை. நெடுங்காலம் கவனிப்பாரற்றுக் கிடந்தது அது.

சரி, பாட்டனுக்குக் கோயில் கட்டிய ராஜராஜனுக்கு எங்கே பள்ளிப்படை? பக்கத்து உடையாளூரில் என்று பலர் நம்புகிறார்கள். அங்குள்ள ஒரு தூணில், ராஜராஜனான சிவபாதசேகர தேவரின் திருமாளிகை மண்டபத்தைப் புதுப்பித்த செய்தி 1112-ஆம் ஆண்டு பொறிக்கப்பட்டிருக்கிறது. அந்தத் திருமாளிகை சமாதிதானா என்பதற்கு உறுதியான சான்று இதுவரை கிடைக்கவில்லை.

ஓராண்டு ஆண்டவனுக்கு இடம் தெரிகிறது, உலகாண்டவனுக்குத் தெரியவில்லை! கல்லில் காவலரைச் செதுக்கினால் மட்டும் போதாது. பின்வரும் மக்கள் காவலராக நிற்க வேண்டும். பட்டீஸ்வரம் செல்வோர் அந்தச் சிறு கோயிலுக்கும் ஒரு நடை போய் வரலாமே!