கடைமடைக்குத் தண்ணீர் எட்டுகிறதா?

குற்றால மலையில் பிறக்கும் சிற்றாறு கால்வாய்கள் வழியாகத் தென்காசிப் பக்கத்து வயல்களுக்கு வருகிறது. கால்வாய் பாதி தூர்ந்திருந்தாலும் தேவை குறைந்த நாளில் கடைமடைக்குத் தண்ணீர் எட்டிவிடும். எல்லா வயலும் ஒன்றாகக் கேட்கும் நடவுக் காலத்தில்தான் குறை தெரியும். இதய ரத்தக்குழாயும் அப்படியே. 1974இல் லான்ஸ் கூல்டு நாய்களிடம் செய்த சோதனையில், குழாயின் விட்டம் 85 சதவீதம் சுருங்கும்வரை ஓய்வுநிலை ரத்த ஓட்டம் குறையவில்லை. ஓட்டத்தை உச்சத்துக்குத் தூண்டியபோதோ, 30 முதல் 45 சதவீதச் சுருக்கத்திலேயே குறையத் தொடங்கியது. ஆகவே ‘எக்கோ நார்மல்’ என்ற ஒரு வரியை நம்பி அடைப்பே இல்லை என்று நிம்மதியாக வீடு திரும்புவது தவறு. ஓய்வுநிலையில் எடுக்கும் சாதாரண எக்கோ தசையின் துடிப்பையும் வால்வையும் காட்டும். குழாய்க்குள் படிந்திருப்பதைக் காட்டாது.

மேட்டில் ஏறினால் நெஞ்சை அழுத்தி, நின்றால் அடங்கிவிடும் வலிக்கு இரண்டு விதமாக விடை தேடலாம். ஒன்று, இதயத்துக்கு நடவுக் காலத்தை வரவழைத்துப் பார்ப்பது. நடக்க வைத்தோ டோபுடமின் மருந்தை ஏற்றியோ துடிப்பைக் கூட்டி, தசையின் எந்தப் பகுதி சுணங்குகிறது என்று ஸ்ட்ரெஸ் எக்கோவில் பார்க்கிறார்கள். டெக்னீசியம் கலந்த மருந்தைச் செலுத்தி எடுக்கும் ஸ்கேனில், ரத்தம் சரியாக எட்டாத இடம் மங்கித் தெரியும். மற்றது, கால்வாயையே பார்ப்பது: சி.டி. ஆஞ்சியோகிராம். துடித்துக்கொண்டே இருக்கும் உறுப்பைப் படமெடுப்பது லேசுப்பட்ட வேலையல்ல. நாடித்துடிப்பை 60க்குப் பக்கத்தில் இறக்க மாத்திரை தருகிறார்கள். குழாய்கள் விரிவதற்காக நாக்கடியில் நைட்ரோகிளிசரின் தெளிக்கிறார்கள். கை நரம்பில் அயோடின் சாயம் ஏறும்போது உடம்பெங்கும் சூடு பரவும். அந்தச் சில நொடிகள் மூச்சைப் பிடித்திருந்தால் போதும். ஓட்டத்தை இன்னும் தடுக்காத கொழுப்புப் படிவுகூட இதில் தெரிந்துவிடுவதையே இதன் பெரிய பலமாக நான் நினைக்கிறேன்.

எப்படியும் மணிக்கட்டு வழியாகக் குழாய் விட்டு ஆஞ்சியோ செய்யத்தானே போகிறார்கள், நேரே செய்தால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. ஐரோப்பாவில் 3,561 பேரிடம் நடந்து 2022இல் வெளியான டிஸ்சார்ஜ் ஆய்வில், ஏறக்குறைய நாலில் ஒருவருக்குத்தான் பெரிய அடைப்பு இருந்தது. சி.டி.யில் தொடங்கியவர்களில் பரிசோதனையாலோ சிகிச்சையாலோ பெரிய சிக்கல் வந்தது 0.5 சதவீதம் பேருக்கு; நேரே ஆஞ்சியோவுக்குப் போனவர்களில் 1.9 சதவீதம். மூன்றரை ஆண்டுகளில் மாரடைப்பு, பக்கவாதம், இதய இறப்பு ஆகியவற்றில் இரு தரப்புக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. கதிர்வீச்சையும் சாயத்தையும் பற்றிய அச்சம் நியாயமானது. சிறுநீரகம் பழுதானவருக்கு ஸ்ட்ரெஸ் எக்கோ மேல். சுண்ணாம்பு மிகுதியாகப் படிந்த குழாயில் சி.டி. அடைப்பைப் பெரிதாக்கியும் காட்டும். ஆனால் இவையெல்லாம் நின்றால் அடங்கும் வலிக்கு. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே வலி பிடித்து, வியர்த்துக் கொட்டி, அடங்காமல் நின்றால், உடனே தென்காசி அரசு தலைமை மருத்துவமனையில் ஈ.சி.ஜி. எடுப்பதுதான் முதல் வேலை. ஸ்கேனைத் தேடித் திருநெல்வேலிக்குக் கார் பிடித்தால், அந்த ஐம்பது சொச்சம் கிலோமீட்டர் நெடுகவும் இதயத் தசை செத்துக்கொண்டிருக்கும்.