தாய்லாந்தின் அரசியல் மாற்றமும் வரலாற்றெழுத்தும்: தோங்சாய் வினிச்சகுலின் ஆய்வுகள்

முன்னுரை

தாய்லாந்தில் 1932ஆம் ஆண்டு முழு முடியாட்சி முடிவுற்று, அரசமைப்புக்கு உட்பட்ட முடியாட்சி ஏற்பட்டது. அதன்பின் இராணுவப் புரட்சிகளும் புதிய அரசமைப்புச் சட்டங்களும் அந்நாட்டில் மாறிமாறி வந்துள்ளன. இம்மாற்றங்களை, நாடு தன் வரலாற்றைக் கூறிக்கொள்ளும் முறையோடு இணைத்து ஆராய்ந்தவர் வரலாற்றறிஞர் தோங்சாய் வினிச்சகுல். அவருடைய இரு நூல்களின் மையக் கருத்துகளை இக்கட்டுரை விளக்குகிறது.

நிலப்படம் உருவாக்கிய நாடு

1994இல் வெளிவந்த 'சயாம் மேப்டு' என்னும் நூல் 'புவியுடல்' என்ற கருத்தாக்கத்தை முன்வைக்கிறது. முற்காலத்தில் ஒரு சிற்றரசு ஒரே வேளையில் இரு பேரரசுகளுக்குத் திறை செலுத்துவது இயல்பாக இருந்தது. கம்போடியா சயாமுக்கும் வியட்நாமுக்கும் திறை செலுத்தியமை இதற்குச் சான்று. 19ஆம் நூற்றாண்டின் நவீன நிலப்படவியலே எல்லைக்கோடு சூழ்ந்த ஒற்றை நாடு என்னும் வடிவத்தை உருவாக்கியது. 1893ஆம் ஆண்டு நெருக்கடிக்குப்பின் மேகாங் ஆற்றின் கீழைக்கரை பிரான்சின் வசமானதைத் தாய்லாந்துத் தேசிய வரலாறு நில இழப்பாகக் கூறுகிறது. அந்நிலம் அதற்குமுன் சயாமுக்கு மட்டுமே உரியதாக இருந்ததில்லை என்றும், அப்போட்டியில் உண்மையாகத் தோற்றவை சிற்றரசுகளே என்றும் தோங்சாய் நிறுவுகிறார்.

மௌனத்தின் வரலாறு

1976 அக்டோபர் 6 அன்று பாங்காக்கின் தம்மசாத் பல்கலைக்கழகத்தில் திரண்டிருந்த மாணவர்களைக் காவல்துறையினரும் வலதுசாரிக் குழுக்களும் தாக்கினர். நாற்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அன்று மாலையே இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியது. மாணவர் தலைவர்களுள் ஒருவரான தோங்சாய் கைதாகி, 1978இல் பொதுமன்னிப்பின்வழி விடுதலை பெற்றார். அம்மன்னிப்பு தாக்கியவர்களையும் காத்தது, எவரும் தண்டிக்கப்படவில்லை.

2020இல் வெளிவந்த 'மோமென்ட்ஸ் ஆஃப் சைலன்ஸ்' என்னும் நூல் அப்படுகொலை நினைவில் எவ்வாறு வாழ்ந்தது என வினவுகிறது. நினைவுகூரவும் இயலாமல் மறக்கவும் இயலாமல் நிற்கும் நிலையை அவர் ஆய்வுப்பொருளாக்குகிறார். பாதிக்கப்பட்டோரின் மௌனமும் தாக்கியோரின் மௌனமும் ஒன்றல்ல. முன்னது அச்சத்தாலும் துயராலும் விளைந்தது. பின்னது, அன்று வெற்றியாகக் கொண்டாடப்பட்ட செயலைப் பிற்காலத்தில் வெளிப்படையாகப் பெருமை பாராட்ட இயலாமற்போனதால் விளைந்தது.

முடிவுரை

நிகழ்வில் பங்கேற்றவரே அதன் வரலாற்றை எழுதுகையில் நடுநிலை குறித்த ஐயம் எழுவது இயல்பே. தோங்சாய் தம் பங்கை மறைக்காமல் முன்வைத்து, எதிர்த்தரப்பினரையும் நேர்கண்டு எழுதியுள்ளார். ஆகவே அவ்வையத்தை வாசகர் சோதித்தறிய வழியுண்டு. முதல் நூல் நிலப்படம் மறைத்த சிற்றரசுகளையும், இரண்டாம் நூல் தேசிய வரலாறு மறைத்த இறந்தோரையும் மீட்கின்றன. ஆவணம் பேசாத இடத்தில் மௌனத்தையே சான்றாகக் கொள்ளலாம் என்பது இவ்வாய்வுகள் வரலாற்றெழுத்துக்கு வழங்கும் நெறியாகும்.