வீட்டுத் தோட்டப் பறவைகளுக்கு உணவளித்தல்

வீட்டுத் தோட்டத்திற்கோ முற்றத்திற்கோ மாடிக்கோ வரும் காட்டுப் பறவைகளுக்குத் தீனியும் தண்ணீரும் வைத்து, அவற்றைக் கூண்டில் அடைக்காமல் கவனிப்பது பறவைகளுக்கு உணவளித்தல் எனப்படும். காக்கைக்குச் சோறு வைத்தபின் உண்பதும், அரிசி மாவில் கோலமிடுவதும், சிட்டுக்குருவிக்காக நெற்கதிர்க் கொத்தைத் தொங்கவிடுவதும் தமிழ்நாட்டில் நெடுநாளாக உள்ள வழக்கங்கள்.

திருப்பெரும்புதூர் – ஒரகடம் பகுதி

காஞ்சிபுரம் மாவட்டத்தில் உள்ள இப்பகுதி ஏரிப் பாசனமும் நெல் வயல்களும் பனைமரங்களும் நிறைந்தது. 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலையும், 2010-இல் ஒரகடத்தில் ரெனோ–நிசான் ஆலையும் உற்பத்தியைத் தொடங்கின. வயல்கள் பல, ஆலைகளாகவும் வீட்டுமனைகளாகவும் மாறின. பனை குறைந்தால் தூக்கணாங்குருவி கூடு தொங்கவிட இடம் குறையும். ஓட்டு வீடுகள் கான்கிரீட் வீடுகளாக மாறினால் சிட்டுக்குருவிக்குப் பொந்து கிடைக்காது. இத்தகைய இடங்களில் சிறு தோட்டமும் பறவைகளுக்கு ஒதுங்கிடம் ஆகிறது.

வரும் பறவைகள்

காக்கை, மைனா, தவிட்டுக்குருவி, புள்ளிப்புறா, பச்சைக்கிளி, செங்குதச் சின்னான், தேன்சிட்டு, தையல்சிட்டு, குண்டுகரிச்சான், குயில், செம்போத்து ஆகியவை தமிழ்நாட்டுத் தோட்டங்களில் பொதுவாகக் காணப்படுபவை.

எதை வைக்கலாம்?

கம்பு, தினை, நொய்யரிசி ஆகியவற்றைச் சிட்டுக்குருவியும் புறாவும் உண்ணும். வாழைப்பழம், கொய்யா ஆகியவற்றைச் சின்னானும் மைனாவும் கொத்தும். உப்பிட்ட தின்பண்டம், எண்ணெயில் பொரித்தவை, புளித்த சோறு, பூஞ்சை பிடித்த தானியம் ஆகியவற்றை வைக்கக் கூடாது.

கோடையில் தீனியைவிடத் தண்ணீரே முதன்மையானது. ஆழமில்லாத மண் தட்டில் சிறு கல் ஒன்றை இட்டு நிழலில் வைக்கலாம். தண்ணீரைத் தினமும் கொட்டிவிட்டுத் தட்டைத் தேய்த்துக் கழுவ வேண்டும். இல்லையெனில் டெங்குவைப் பரப்பும் ஏடிசு கொசு அதில் முட்டையிடும்.

தீங்குகள்

ஒரே தட்டில் பல பறவைகள் கூடுவதால் நோய் எளிதில் பரவும். பிரித்தானியாவில் 2005-இல் தோட்டப் பறவைகளிடம் டிரைக்கோமோனா என்னும் ஒட்டுண்ணி நோய் கண்டறியப்பட்டது. அங்கு ஏறத்தாழ 43 இலட்சமாக இருந்த பச்சைப் பிஞ்சுக் குருவிகள் 2009-க்குள் 28 இலட்சமாகக் குறைந்தன. அன்புடன் வைத்த தட்டும் அழுக்காக இருந்தால் பறவையைக் கொல்லும் என்பதே இதன் பாடம். நோயுற்ற பறவை தென்பட்டால் சில வாரங்களுக்குத் தீனி வைப்பதை நிறுத்த வேண்டும்.

பூனை பதுங்கும் புதருக்கு அருகில் தட்டு வைக்கக் கூடாது. வானத்தைப் பிரதிபலிக்கும் கண்ணாடிச் சன்னல்களில் பறவைகள் மோதி இறப்பதும் உண்டு. கிளிகளைப் பிடித்து வளர்ப்பதும் விற்பதும் 1972 ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

மரம் வளர்த்தல்

தானியம் உண்ணும் சிட்டுக்குருவியும் தன் குஞ்சுகளுக்குப் புழு பூச்சிகளையே ஊட்டுகிறது. எனவே பூச்சிக்கொல்லி தெளித்த தோட்டத்தில் தானியம் மட்டும் வைப்பதால் குஞ்சுகள் பிழைக்கா. வேம்பு, நுணா, கொய்யா, முருங்கை, செம்பருத்தி ஆகியவை கனியும் தேனும் பூச்சியும் ஒருங்கே தருகின்றன. வீட்டார் ஊருக்குச் சென்றால் தட்டு காலியாகிவிடும். மரம் அப்போதும் உணவளிக்கும்.

கணக்கெடுப்பு

தோட்டத்தில் காண்பதைக் குறித்துவைப்பது அறிவியலுக்கும் பயன்படும். தமிழ்நாட்டில் 2015 முதல் பொங்கல் நாட்களில் பறவைகள் கணக்கெடுப்பு நடைபெறுகிறது. 1998-இல் அமெரிக்காவில் தொடங்கிய புழக்கடைப் பறவைகள் கணக்கெடுப்பில் இந்தியா 2013 முதல் பங்கேற்கிறது; இது பிப்ரவரியில் நான்கு நாட்கள் நடக்கும். ஓரிடத்தில் குறைந்தது 15 நிமிடம் நின்று, கண்ட பறவைகளையும் எண்ணிக்கையையும் இ-பேர்ட் தளத்தில் பதிவு செய்தால் போதும். மாணவர்களும் இதில் பங்கேற்கலாம். ஒரே தோட்டத்தில் ஆண்டுதோறும் எடுக்கும் குறிப்பு, அவ்வூரில் எந்தப் பறவை வருவது நின்றுபோனது என்பதைக் காட்டும்.