கீழ்ப்பாக்கம் என்றால் கேலியா?



நம் வகுப்பில் யாராவது தனியாகச் சிரித்தால் போதும், உடனே "கீழ்ப்பாக்கம் கேஸ்" என்று சொல்கிறோம். நானும் சொல்லியிருக்கிறேன். அங்கே என்னதான் இருக்கிறது என்று எனக்குப் போன வருஷம்தான் தெரிந்தது.

எங்கள் சொந்தத்தில் ஒரு அக்கா. (கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். பேரும் தெருவும் போடக்கூடாதுன்னு சொன்னாங்க.) அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் வேலை. கலகலன்னு பேசுவாங்க. கொஞ்சம் கொஞ்சமாகப் பேச்சு குறைந்தது. ராத்திரி தூக்கம் இல்லை, சோறு இறங்கவில்லை, கேட்டால் அழுகைதான். வேலைக்கும் போகவில்லை. கண்ணு பட்டுவிட்டது என்று உப்பு மிளகாய் சுற்றிப் போட்டார்கள். திருவேற்காட்டுக்கு மூன்று வெள்ளிக்கிழமை போனோம். கோயிலுக்குப் போவது தப்பில்லை, எனக்கும் பிடிக்கும். ஆனால் நான்கு மாதம் அப்படியே ஓடிவிட்டது. வெளியே தெரிந்தால் கல்யாணம் நடக்காது என்று வீட்டில் பயம் வேறு.

"டாக்டர்கிட்ட போலாம்க்கா" என்றேன். "கீழ்ப்பாக்கத்துக்கா? அன்னைக்கு சண்டையில நீயே என்னை அப்படித்தானே சொன்ன?" என்று கேட்டாங்க. எனக்கு வாயே திறக்கவில்லை. நான் அதை மறந்தே போயிருந்தேன்.

கடைசியில் போனில் பேசத்தான் சம்மதித்தாங்க. 14416 என்ற எண். பெயர் டெலி மனஸ். 2022 அக்டோபர் 10, உலக மனநல நாளில் மத்திய அரசு தொடங்கியது. காசு கிடையாது, ராத்திரியிலும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம். முகம் தெரியாதவர் என்பதாலோ என்னவோ, அக்கா ரொம்ப நேரம் பேசினாங்க. டாக்டரைப் பார்க்கச் சொன்னது அவர்கள்தான்.

கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகம் 1794-ல் கிழக்கிந்தியக் கம்பெனி காலத்தில் ஆரம்பித்தது. டாக்டர் சாரதா மேனன் 1961 முதல் 1978 வரை அதற்குத் தலைமை தாங்கினார். இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர் என்று அவரைச் சொல்வார்கள். நான் பயந்துகொண்டேதான் கூடப் போனேன். சினிமாவில் வருகிற மாதிரி சங்கிலி, கூச்சல் எதுவும் இல்லை. ஓ.பி. சீட்டுக்கு வரிசை, மாத்திரை வாங்க வரிசை, டிபன் பாக்ஸோடு வந்த குடும்பங்கள். நம் ரேஷன் கடை மாதிரியேதான்!

சங்கிலி இருந்தது வேறு இடத்தில். ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 அன்று ஒரு கொட்டகை தீப்பிடித்தது. மனநோய் என்று அங்கே கட்டிப்போட்டிருந்தவர்களில் 28 பேர் ஓட முடியாமல் இறந்துபோனார்கள். இதைப் படித்த அன்று எனக்குச் சாப்பிடவே முடியவில்லை.

அக்காவுக்கு வந்தது மனச்சோர்வு என்றார் டாக்டர். எல்லோருக்கும் வருத்தம் வரும், போகும். இரண்டு வாரத்துக்கு மேல் விடாமல் இருந்து, தூக்கம், பசி, வேலை எல்லாவற்றையும் கெடுத்தால் அது நோய். மூளையும் உடம்பில் ஒரு உறுப்புதானே. மாத்திரை காய்ச்சல் மாத்திரை மாதிரி உடனே கேட்காது, சில வாரம் ஆகும். அது தெரியாமல் அக்கா முதல் வாரமே "சும்மா தூக்கமா வருது, வேணாம்" என்று நிறுத்தப் பார்த்தாங்க. நாமாக நிறுத்தக்கூடாதாம். ஊருக்குத் தெரிந்துவிடும் என்று பெரியம்மா பயந்ததற்கும் பதில் உண்டு. 2017-ஆம் வருஷத்து மனநலச் சட்டப்படி நோயாளி விவரத்தை ரகசியமாக வைக்க வேண்டும்.

இப்போது அக்கா மறுபடி வேலைக்குப் போறாங்க. மாத்திரை இன்னும் இருக்கிறது. சில நாள் சரியாக இருக்காது, அன்றைக்கு நான் சும்மா பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன்.

14416 என்ற எண்ணைக் கீழே சிவப்பு மையில் பெரிதாக எழுதியிருக்கிறேன். மற்றவர்கள் முன்னால் குறித்துக்கொள்ளக் கூச்சமாக இருந்தால், காலையில் பிரேயருக்கு முன்னால் வாருங்கள். அந்த நேரம் இந்தச் சுவர் பக்கம் யாரும் இருக்க மாட்டார்கள்.

14416

- ஒன்பதாம் வகுப்பு மாணவி