ஆக்லாந்து: நாற்றம் அகன்றால் ஆபத்தும் அகலுமா?

நியூசிலாந்தின் மிகப் பெரிய நகரான ஆக்லாந்தின் தென்பகுதியில், மனுகாவ் குடாவின் கரையில் அமைந்துள்ளது மாங்கெரே கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம். 1960ஆம் ஆண்டு செயல்படத் தொடங்கிய இந்த நிலையத்துக்காக, கரையோரக் கடற்பரப்பை அடைத்து சுமார் 500 ஹெக்டேர் பரப்பில் ஆக்சிஜனேற்றக் குளங்கள் அமைக்கப்பட்டன. பாசிகளும் சூரிய ஒளியும் கழிவைச் சிதைக்கும் என்பதே அவற்றின் அடிப்படை. ஆனால் குளங்களிலிருந்து எழுந்த துர்நாற்றமும், அங்கு பெருகிய பூச்சிகளும் சுற்றுவட்டார மக்களைப் பல்லாண்டுகள் வாட்டின.

இதில் கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்கள், அருகிலுள்ள இஹுமாதாவ் பகுதியில் தலைமுறை தலைமுறையாக வாழும் மாவோரி மக்கள். அவர்களது மீன்பிடிப் பகுதிகளும் குளங்களுக்குள் மறைந்தன. மனுகாவ் குடா சீர்கெட்டது தொடர்பான மாவோரிகளின் முறையீட்டை விசாரித்த வைதாங்கி தீர்ப்பாயம், அவர்களது உரிமைகளைப் பாதுகாக்க அரசு தவறிவிட்டதாக 1985இல் அறிக்கை வெளியிட்டது. பின்னர் மேற்கொள்ளப்பட்ட பெரும் சீரமைப்புத் திட்டத்தில், 2000களின் முற்பகுதியில் குளங்கள் அகற்றப்பட்டு, அந்த இடத்துக்குக் கடல் நீர் மீண்டும் வந்தது.

ஆயினும், நாற்றத்தையும் நோய் ஆபத்தையும் ஒன்றாகக் கருதுவது பிழையாகும்.

கழிவுநீர் நிலையங்களில் அழுகிய முட்டை வாடையைத் தருவது ஹைட்ரஜன் சல்பைடு வாயு. உடலுக்கு நேரடித் தீங்கு விளைவிக்கும் அளவைவிட மிகக் குறைந்த அளவிலேயே மூக்கு இதை உணர்ந்துவிடும். அந்த நிலையிலும் தலைவலி, குமட்டல், தூக்கமின்மை போன்ற தொல்லைகள் ஏற்படலாம். ஆனால் செறிவு மிகவும் அதிகரித்தால் முகரும் திறனே மரத்துப்போகும். அதாவது, ஆபத்து உச்சத்தில் இருக்கும்போது எச்சரிக்கை நின்றுவிடுகிறது.

கழிவுகளை எரிக்கும்போது வெளியாகும் மாசு வேறுவிதமானது. நுண்துகள்கள் நுரையீரலின் ஆழம்வரை சென்று, இதய நோய்களுக்கும் சுவாச நோய்களுக்கும் காரணமாகின்றன. குளோரின் கலந்த பொருட்கள் முறையாக எரியாதபோது உருவாகும் டையாக்சின்கள் மண்ணிலும் நீரிலும் படிந்து, இறைச்சி, பால், மீன் வழியாகவே பெரும்பாலும் மனிதரை வந்தடைகின்றன. புற்றுநோயை உண்டாக்கக்கூடிய இந்த நஞ்சை மூக்கால் கண்டறிய முடியாது.

நியூசிலாந்து 2004ஆம் ஆண்டு கொண்டுவந்த காற்றுத்தர விதிகள் இதைக் கருத்தில் கொண்டவை. அபாயகரமான கழிவுகளை உயர் வெப்பத்தில் எரிக்கும் புதிய உலைகள் தடை செய்யப்பட்டன. பத்து லட்சம் டன்னுக்கு மேல் கொள்ளளவுள்ள குப்பைப் புதைநிலங்கள் தமது வாயுவைச் சேகரித்துக் கட்டுப்படுத்த வேண்டும் என்றும் விதிக்கப்பட்டது. எனினும், சாதாரணக் குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் ஆலைகளுக்கு அந்த முழுத் தடை பொருந்தாது. மேலும் 10 மைக்ரான் வரையிலான துகள்களுக்கு வரம்பு வகுத்த அந்த விதிகள், அவற்றிலும் ஆபத்தான 2.5 மைக்ரான் துகள்களுக்குத் தனி வரம்பை வகுக்கவில்லை. இத்தகைய துகள்களின் ஆண்டுச் சராசரி கனமீட்டருக்கு 5 மைக்ரோகிராமைத் தாண்டக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனம் 2021இல் அளித்த பரிந்துரை.

தென்னிந்திய நகரங்களுக்கும் இது பொருந்தும். சென்னையின் பெருங்குடிக் குப்பைமேடு 2022 ஏப்ரலில் தீப்பிடித்து எரிந்தபோதும், கொச்சியின் பிரம்மபுரம் 2023 மார்ச்சில் பல நாட்கள் புகைந்தபோதும், ஊரே விழித்துக்கொண்டது. புகை அடங்கியதும் கவனமும் அடங்கிவிடுவதுதான் வழக்கம்.

கழிவு நிலையங்கள் இல்லாமல் எந்த நகரமும் இயங்க முடியாது. ஆனால் அவற்றின் பயனை நகரம் முழுவதும் பெற, பாதிப்பு ஒரு சில குடியிருப்புகளின் மீதே விழுகிறது. நாற்றம் குறைந்துவிட்டது என்ற உறுதிமொழி அவர்களுக்குப் போதாது. தங்கள் வாசலில் உள்ள காற்றில் என்னென்ன கலந்துள்ளன, எவ்வளவு கலந்துள்ளன என்பதைத் தொடர்ந்து அளந்து வெளியிடுமாறு கேட்பதற்கு அவர்களுக்கு உரிமை உண்டு.