விளைவித்தவர் கையில் காசு சேரட்டும்!

தோட்டத்துத் தோழர்களே, தாய்மார்களே!

சம்பளம் கைக்கு வந்த மறுநாளே பாதிக் காசு எங்கே போகிறது? கடைக்குத்தான். கணக்குப் புத்தகத்தில் ஏறியது மட்டும் இறங்கியபாடில்லை. "வேற வழி என்னாங்க?" என்று கேட்கிறோம். வாரத்தில் ஒரு நாளைக்காவது வழி இருக்கிறது. அதுதான் உழவர் சந்தை. மலாயில் பாசார் தானி என்பார்கள்.

விளைபொருள்களை விற்க வகை செய்வதற்கென்றே 1965-இல் அரசாங்கம் 'ஃபாமா' வாரியத்தை அமைத்தது. அந்த வாரியம் 1985-இல் தொடங்கியதே இந்தச் சந்தை. பயிரிட்டவரே கொண்டுவந்து விற்க வேண்டும், நடுவில் தரகர் கூடாது என்பதுதான் அதன் நோக்கம்.

கொல்லையில் பறித்த வெண்டைக்காய் நம் சட்டிக்கு வருமுன் எத்தனை கை மாறுகிறது பாருங்கள்! லாரிக்காரர், மொத்த வியாபாரி, பட்டணத்துக் கடை, பிறகு நம் தோட்டத்துக் கடை. ஒவ்வொரு கையும் தன் பங்கை எடுத்துக்கொள்ளும். பயிரிட்டவருக்குக் கிடைப்பது சொற்பம். நாம் கொடுப்பதோ அதிகம்.

இந்த வேதனை நமக்குப் புதிதா? பால் வெட்டுவது நாம். ரப்பருக்கு விலை வைப்பது வேறு யாரோ. மழை பிடித்தால் நமக்கு வெட்டு இல்லை. அவருக்குக் கீரை அழுகும். காயைப் பறிக்காமல் விட்டால் முற்றிப் போகும். அவர் காத்திருக்க முடியாது என்று தெரிந்துதான் தரகர் விலையை அடிக்கிறார். தோட்டம் கைமாறி வெளியேறிய நம்மவரிலும் சிலர் இன்று குத்தகை நிலத்தில் காய்கறி போட்டுப் பிழைக்கிறார்கள். வாங்க ஆளில்லை என்றால் அந்தக் கொல்லையில் நாளை புல்தான் முளைக்கும்.

ஆனால் கண்ணைத் திறந்து வாங்க வேண்டும். வெங்காயம், பூண்டு, உருளைக்கிழங்கு பெரும்பாலும் கப்பலில் வருபவை. அவற்றைக் குவித்திருப்பவர் வாங்கி விற்பவராக இருக்கலாம். கீரை, பயிற்றங்காய், மரவள்ளி என்று நாலைந்து சாமான் மட்டும் வைத்திருப்பவரிடம், "எப்பங்க பறிச்சது? கொல்லை எந்தப் பக்கம்?" என்று கேளுங்கள். விளைவித்தவர் தயங்காமல் சொல்வார். அவரிடம் ஐம்பது காசுக்காக மல்லுக்கட்டாதீர்கள். பேரங்காடியில் ஒட்டியிருக்கும் விலையை வாய் திறக்காமல் கொடுக்கிறோமே!

"காலையில வேலைக்காடு, சந்தைக்கு எப்படிப் போறது?" என்பீர்கள். நியாயம்தான். ஞாயிற்றுக்கிழமை கூடும் சந்தை பக்கத்தில் எங்கே என்று விசாரியுங்கள். நாலு வீடு சேர்ந்து ஒரு வண்டி பேசினால் செலவு பங்காகும். வாரம் ஒரு வீட்டார் போய் எல்லாருக்கும் வாங்கி வந்தாலும் சரியே.

நிர்வாகம் இடம் கொடுத்தால் லயத்துக்குப் பின்னால் முருங்கையும் கருவேப்பிலையும் கீரையும் போடுங்கள். மிஞ்சியதை விற்க எண்ணம் வந்தால், சந்தையில் இடம் பெறுவது எப்படி என்று ஃபாமா அலுவலகத்தில் கேளுங்கள். இன்று வாங்கப் போகிறவர் நாளை விற்கவும் போகலாம்.

உழைப்பவன் அருமை உழைப்பவனுக்குத்தான் தெரியும். நாம் கொடுக்கும் காசு உழைத்த கைக்கே போய்ச் சேரட்டும்!