கட்டை எயார் ரைபிளுக்கு எந்த ஸ்கோப் பொருந்தும்?

2025 மார்ச் 15ஆம் திகதி காலை 8 மணி தொடக்கம் ஐந்து நிமிடம், நாடு முழுவதும் விவசாயிகள் தங்கள் காணிகளில் கண்ட குரங்கு, மந்தி, மயில், மரஅணில் ஆகியவற்றை எண்ணிக் குறித்தார்கள். விவசாய அமைச்சு நடத்திய அந்தக் கணக்கெடுப்பைக் கொழும்பில் சிலர் பகிடியாகப் பார்த்தார்கள். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு அதில் பகிடி எதுவும் தெரிந்திருக்காது. காய்க்கும் தென்னையையும் சோளத்தையும் இழந்தவர்களுக்கு அந்த எண்ணிக்கை சாப்பாட்டுக் கணக்கு.

குரங்கை விரட்ட எயார் ரைபிள் என்ற பேச்சு இந்தச் சூழலில்தான் அடிக்கடி எழுகிறது. மோட்டார் சைக்கிளில் கொண்டுபோகவும் பரணில் வைத்துக் கையாளவும் இலகு என்பதால் கட்டையான மாதிரிகளைப் பலர் விரும்புகிறார்கள். துப்பாக்கியைத் தெரிவு செய்ய மாதக்கணக்கில் யோசிப்பவர், அதன்மேல் பூட்டும் ஸ்கோப்பைக் கடைக்காரர் எடுத்துக் கொடுத்தபடி வாங்கிவிடுகிறார். குறி தவறுவதற்கான காரணங்களில் பாதி அங்கேதான் தொடங்குகின்றன.

முதலில் சட்டம். நம் நாட்டில் துப்பாக்கிகளை ஒழுங்குபடுத்துவது 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். எயார் ரைபிளுக்கு எந்த அனுமதி வேண்டும் என்பதை மாவட்டச் செயலகத்திலும் பொலிஸிலும் கேட்டறிந்த பின்பே பணத்தைக் கையில் எடுக்க வேண்டும். அடுத்தது, 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கத் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம். பெயர் சொல்லி விலக்கப்பட்ட சில பறவைகள் தவிர மற்றெல்லாப் பறவைகளுக்கும் அது பாதுகாப்புத் தருகிறது. வாவியோரத்துக் கொக்கும் நாரையும் நீர்க்காகமும் குறிபார்த்துப் பழகுவதற்காக அங்கே நிற்கவில்லை. எந்த விலங்கை எப்படி விரட்டலாம் என்பதை வனசீவராசிகள் திணைக்களம் சொல்லும். வெல்லாவெளி, உன்னிச்சைப் பக்கம் யானை வரும் வயல்களில் எயார் ரைபிளை நம்பி இறங்குவது உயிராபத்து. சன்னம் யானையை நிறுத்தாது, சீற்றத்தையே கிளப்பும்.

இனி ஸ்கோப்புக்கு வருவோம். என்ன விலை, எத்தனை மடங்கு பெருக்கும் என்பவற்றுக்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: உங்கள் துப்பாக்கி எப்படி உதைக்கிறது? எயார் ரைபிள் பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்றில் ஸ்பிரிங் விரிந்து ஒரு பிஸ்டனைத் தள்ளும். மற்றதில் ஒரு சிலிண்டரில் ஏறத்தாழ 200 பார் அழுத்தத்தில் முன்கூட்டியே காற்று நிரப்பப்பட்டிருக்கும். பி.சி.பி. என்று கடைகளில் சொல்வது இதைத்தான். பி.சி.பி. அநேகமாக அசைவதே இல்லை. ஸ்பிரிங் துப்பாக்கியோ இரண்டு தடவை உதைக்கிறது. பிஸ்டன் முன்னே பாயும்போது துப்பாக்கி பின்னே வருகிறது. பிஸ்டன் போய் முட்டி நின்றதும் துப்பாக்கி முன்னே வெட்டி இழுக்கிறது. தோட்டா போட்டுச் சுடும் துப்பாக்கிக்குச் செய்த ஸ்கோப், பின்னோக்கிய உதையை மட்டும் தாங்குவதற்காகக் கட்டப்பட்டது. அதை ஸ்பிரிங் எயார் ரைபிளில் பூட்டினால் உள்ளே வில்லைகள் தளரலாம், சிலுவைக்கோடு சரியலாம். விலை உயர்ந்த ஸ்கோப்பும் இப்படிக் கெட்டதுண்டு. ஆகவே பெட்டியில் ‘ஸ்பிரிங் எயார் ரைபிளுக்கு ஏற்றது’ என்ற உறுதி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் வைத்துவிட்டு வாருங்கள்.

இரண்டாவது கேள்வி தூரம். எயார் ரைபிளின் வேலை பெரும்பாலும் 10 மீற்றரிலிருந்து 40 மீற்றருக்குள் முடிந்துவிடும். சாதாரண வேட்டை ஸ்கோப்பை 100 யார் தூரத்துக்கு ஒத்திசைத்து வைத்திருப்பார்கள். அதைக் கிட்டத்தில் பாவித்தால் உருவம் மங்கும். மங்கலைவிடக் கெடுதலான இன்னொன்று கண்ணுக்குத் தெரியாமல் நடக்கிறது. துப்பாக்கி அசையாமல் இருக்கும்போது உங்கள் கண் சற்றே நகர்ந்தாலும், சிலுவைக்கோடு இலக்கின்மேல் இடம்மாறித் தெரியும். இந்த இடமாறு தோற்றப் பிழை எவ்வளவு வரும் என்று கணக்கிடலாம். முன்கண்ணாடி 40 மி.மீ., ஒத்திசைவு 90 மீற்றர், இலக்கு 20 மீற்றர் என்றால், கண் ஓரத்துக்குப் போகும்போது பிழை 15 மி.மீ. வரை போகும். ஒரு தகரப் பேணியின் நடுவில் வைத்த குறி அதன் விளிம்புப் பக்கம் போய்விட இது போதும். சுடுபவர் கையை நொந்துகொள்வார், சன்னத்தை நொந்துகொள்வார். காரணம் ஸ்கோப்பில் இருக்கும். 10 மீற்றர்வரை ஒத்திசைவை இறக்கக்கூடிய வளையம் முன்கண்ணாடியிலோ பக்கவாட்டிலோ உள்ள ஸ்கோப்பே எயார் ரைபிளுக்குப் பொருத்தம். என் கருத்தில், கூடுதல் பணம் கொடுக்கத் தகுந்த ஒரே வசதி இதுதான்.

பெருக்கத்தில் பேராசை வேண்டாம். 3 முதல் 9 மடங்கு, அல்லது 2 முதல் 7 மடங்கு, தாராளம். பெருக்கம் கூடக் கூட இலக்குடன் உங்கள் நெஞ்சுத் துடிப்பும் பெரிதாகித் தெரியும், வெளிச்சமும் குறையும். முன்கண்ணாடியின் மி.மீ. அளவைப் பெருக்கத்தால் வகுத்தால் கண்ணுக்கு வந்துசேரும் ஒளிக்கற்றையின் அகலம் கிடைக்கும். 32 மி.மீ. கண்ணாடி 8 மடங்கில் 4 மி.மீ. தரும். அதே கண்ணாடி 16 மடங்கில் 2 மி.மீ.தான் தரும். மந்திக் கூட்டம் தோப்புக்குள் இறங்கும் விடியல் வேளையில், நிழலடியில், அந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும்.

தொலைநோக்கியே இல்லாமல் மனிதக் கண் எவ்வளவு செய்யும் என்பதற்கு ஒலிம்பிக் 10 மீற்றர் எயார் ரைபிள் போட்டி சாட்சி. அங்கே பெருக்கிக் காட்டும் கண்ணாடிக்கு அனுமதி இல்லை, துளைக் குறிகாட்டி மட்டும்தான். பத்துப் புள்ளிக்குரிய பொட்டின் விட்டம் வெறும் 0.5 மி.மீ. கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் 2019இல் உலகக் கிண்ணத் தங்கம் வென்றது இந்தப் போட்டியில்தான். நம் நாட்டின் தெஹானி எகொடவெல டோக்கியோ ஒலிம்பிக்கில் பங்குபற்றியதும் இதே போட்டியில்தான்.

கட்டைத் துப்பாக்கிக்கென்று தனிச் சிக்கல்கள் உண்டு. ஸ்கோப்பைப் பூட்ட மேலே உள்ள தவாளிப்பின் நீளம் குறைவு. நீண்ட, பாரமான ஸ்கோப்பை அதில் ஏற்றினால் சமநிலை கெட்டு முன்பக்கம் தொங்கும். குழலை மடக்கிச் சன்னம் போடும் வகையில், பெரிய முன்கண்ணாடி கைக்கு இடைஞ்சல். சன்னச் சில்லு மேலே துருத்தி நிற்கும் பி.சி.பி.யில் அதற்கு இடம்விடும் உயரமான வளையங்கள் தேவை. தவாளிப்பு 11 மி.மீ. வகையா, குறுக்கே வெட்டுகள் கொண்ட அகன்ற பிக்கட்டினி வகையா, ஸ்கோப்பின் உடல் 25.4 மி.மீ. விட்டமா 30 மி.மீ. விட்டமா என்பவற்றைத் துப்பாக்கியைக் கையில் வைத்தே அளந்து, அதற்கேற்ற மவுண்ட் வாங்குங்கள்.

பூட்டும் வேலைக்கு அவசரம் ஆகாது. சன்னம் இல்லை என்பதை முதலில் உறுதி செய்யுங்கள். தவாளிப்பிலும் வளையத்திலும் உள்ள எண்ணெய்ப் பசையைத் துடைத்துவிட்டு மவுண்டை இறுக்குங்கள். ஸ்பிரிங் துப்பாக்கியில் ஒவ்வொரு உதைக்கும் ஸ்கோப் பின்னோக்கி ஊர்ந்து வரும். அதைத் தடுக்கும் ஊசி மவுண்டில் இருந்தால் தவாளிப்பின் துளைக்குள் இறக்குங்கள். துளை இல்லையென்றால் பின்னால் ஒரு தடைக்கட்டை பூட்டுங்கள். பிறகு ஸ்கோப்பை வளையத்துக்குள் தளர்வாக வைத்து, கண்ணை மூடித் துப்பாக்கியைத் தோளில் இயல்பாக அணைத்து, கண்ணைத் திறவுங்கள். முழு வட்டமும் கறுப்பு விளிம்பில்லாமல் தெரியவேண்டும். தெரியாவிட்டால் கழுத்தை நீட்டாதீர்கள். ஸ்கோப்பை முன்பின் நகர்த்துங்கள். கண்ணுக்கும் கண்ணாடிக்கும் இடையே 8 முதல் 10 செ.மீ. வரை அமையும்.

சிலுவைக்கோடு நேராக நிற்க மேசனின் தூக்குக்குண்டு போதும். 20 மீற்றரில் நூலில் தொங்கவிட்டு, துப்பாக்கியைச் சாயாமல் தாங்கி, நிலைக்கோட்டை நூலோடு ஒட்டவையுங்கள். திருகாணிகளை ஒரேயடியாக முறுக்காமல், மூலைக்கு மூலை மாறிமாறி, இரு பக்க இடைவெளியும் ஒரே அளவாக இருக்கும்படி இறுக்குங்கள். வளையத் திருகாணிக்கு 2 நியூட்டன் மீற்றருக்கு மேல் விசை தேவையில்லை. பலத்தைக் காட்டினால் குழாய் நசுங்கும்.

குறிசெய்வதை 10 மீற்றரில் தொடங்கி 25 மீற்றரில் முடியுங்கள். பின்னால் மண்திட்டு இருக்கட்டும். ஐந்து சன்னம் சுட்டு, அவை விழுந்த கூட்டத்தின் நடுவைப் பார்த்து ஸ்கோப்பின் குமிழைத் திருப்புங்கள். ஒரு சன்னத்தைத் துரத்திக்கொண்டு திருப்பினால் நாள் முழுவதும் முடியாது. கால்நிமிடக் கோணக் குமிழின் ஒரு சொடக்கு 25 மீற்றரில் ஏறத்தாழ 1.8 மி.மீ. நகர்த்தும். மேல்நோக்கித் திருப்பித் திருப்பிக் குமிழ் முடிந்துவிட்டால் குழல் சற்றுக் கீழே வளைந்திருக்கிறது என்று அர்த்தம். மடக்கும் துப்பாக்கிகளில் இது சகஜம். பின்பக்கம் சற்று உயர்ந்த மவுண்ட் அதைச் சரிசெய்யும்.

குறி செய்தபின்பும் கிட்டத்தில் சன்னம் கீழே விழுவது பலரைக் குழப்புகிறது. ஸ்கோப் குழலுக்கு மேலே இருப்பதால் வரும் வித்தியாசம் அது. ஸ்கோப்பின் நடு குழலிலிருந்து 4.5 செ.மீ. உயரத்தில் இருந்து, 25 மீற்றரில் குறி செய்திருந்தால், நடுத்தர வேகச் சன்னம் 10 மீற்றரில் 1 செ.மீ. அளவு கீழேயும் 40 மீற்றரில் 5 செ.மீ. அளவு கீழேயும் படும். விசைக்குப் பின்னால் இயந்திரம் அமைந்த புல்பப் வகையில் ஸ்கோப் இன்னும் உயரத்தில் நிற்பதால், கிட்டத்து வித்தியாசம் இரட்டிப்பாகும். உங்கள் துப்பாக்கிக்கு இதை நீங்களே சுட்டுப்பார்த்து ஒரு துண்டில் எழுதி, துப்பாக்கியின் பிடியில் ஒட்டிவையுங்கள்.

வாவிக்காற்றில் உப்பும் ஈரமும் உண்டு. நைதரசன் நிரப்பி மூடிய ஸ்கோப்பில் உட்புகை படியாது. வெளிக்கண்ணாடியைச் சாரத் தலைப்பால் துடைக்காதீர்கள், அதிலுள்ள மணல் பூச்சைக் கீறும். திருகாணிகளுக்கு மெல்லிய எண்ணெய்ப் பூச்சு, பெட்டிக்குள் ஈரமுறிஞ்சும் சிலிக்கா பை, இவை கட்டாயம். கச்சான் வீசும் மாதங்களில் இலேசான சன்னம் பக்கவாட்டில் தள்ளுப்படும், அன்று தூரத்தைக் குறையுங்கள்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். ஸ்கோப் வழியாக ஆட்களையோ வீடுகளையோ தோணிகளையோ பார்க்கக்கூடாது. அந்தக் கண்ணாடி பார்க்கும் திசையில்தான் குழலும் பார்க்கிறது. யுத்தத்தைக் கண்ட மக்கள், தங்களை நோக்கித் திரும்பிய துப்பாக்கியைக் காற்றா வெடிமருந்தா என்று பிரித்துப் பார்க்கமாட்டார்கள். தூரத்தில் அசைவது மந்தியா, விறகு பொறுக்கும் பிள்ளையா என்று அறியக் கழுத்தில் ஒரு சாதாரண பைனாகுலர் தொங்கட்டும். பட்ஜெட்டில் அதற்கும் இடம் ஒதுக்கிய பின்னரே ஸ்கோப்பின் விலையைப் பேசுங்கள்.